நர்சம்மா புத்தகத்தில் ஒரு சுவர்

ஊருணிப் படம் எழுத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று தங்கபுஷ்பம் அதைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தாள். விடிந்து பார்த்தால் கழுகுநேரி ஊருணி தண்ணீரும் தவளையும் படித்துறையும் கரையில் காயப்போட்டிருந்த துணியுமாக அரசமரத்தடியை விட்டு நகர்ந்து ரேஷன் கடைக்குப் பக்கத்தில் போய்க் கிடந்தது. குடத்தோடு வந்த பெண்கள் அரசமரத்தடியில் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்கள், அப்புறம் ரேஷன் கடைப் பக்கம் திரும்பி நடந்தார்கள். தண்ணீர் இருக்கிற இடத்துக்குத்தானே போக வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

எல்லாம் பாக்கியத்தாய் நர்சம்மாவின் புத்தகத்தால் வந்தது. பாக்கியத்தாய் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் கிராம நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், தெற்குக் காலனிக்காரி, வடக்குத் தெருவிலும் காலனியிலும் இன்றைக்கு மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிற முக்கால்வாசிப் பேரின் தொப்புள்கொடியை அறுத்துவிட்டவள். ஓய்வு பெற்ற பிறகு சும்மா உட்காரப் பிடிக்காமல் தன் வாழ்க்கையை எழுதினாள், எழுதிப் பார்த்ததில் சொல்லில் அடங்காதது நிறைய மிச்சம் இருந்ததால் அதையெல்லாம் பால்பாயிண்ட் பேனாவால் படமாக வரைந்தாள், வரைந்ததையும் எழுதியதையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் இருந்த புஷ்பத்தின் கடைக்கு வந்து மேசைமேல் கொட்டினாள்.

"இத ஒரு லட்சணமான புத்தகமா ஆக்கிக் குடு புள்ள. எது எங்க வரணும், எந்தப் படம் எத்தாம் பெருசு இருக்கணும், அதெல்லாம் ஒன் பாடு. ஆனா ஒண்ணையும் விடக் கூடாது" என்றாள்.

புஷ்பம் அதுவரை புத்தகம் செய்தவள் இல்லை. கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கோயில் கொடை விழாவுக்கு நோட்டீஸ், இவைதான் அவள் பிழைப்பு, அதில் வரும்படி முழுக்க அவள் குடியிருந்த வடக்குத் தெருவிலிருந்து வந்தது. காலனிக்காரியின் புத்தகத்தை எடுத்துச் செய்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் தன்னைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டி அழவைத்த கை கேட்கிறது, முடியாது என்று எந்த வாயால் சொல்வது. சரி நர்சம்மா என்று ஒத்துக்கொண்டாள், ஒத்துக்கொண்ட பிறகு கொஞ்சம் பயந்தாள்.

ஊருணி நகர்ந்ததற்கும் புஷ்பத்தின் மவுஸுக்கும் சம்பந்தம் இருக்கிறதென்று ஊர் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. புத்தகத்தில் புளியமரத்தைப் பக்கத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோனாள், புளியமரம் ஊர் ஓரத்துக்குப் போயிற்று, அதில் இருந்த பேயும் கூடவே போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நிம்மதியாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு கடை வாசலில் கூட்டம் சேர்ந்தது. டீக்கடை சுப்பையா பஸ் நிற்கிற இடத்தைத் தன் கடைக்கு நேராகப் போட்டுத் தரச் சொல்லிப் பருப்புவடை பொட்டலத்தோடு வந்தார், வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவர் தனித்தனியாக வந்து அந்த வரப்பை மட்டும் அவன் பக்கமாக நகர்த்து என்று காதோடு சொன்னார்கள், மாமியார் வீட்டை அடுத்த அத்தியாயத்துக்குத் தள்ள முடியுமா என்று ஒரு மருமகள் கேட்டாள், கிராம நிர்வாக அலுவலர் எந்த சர்வே நம்பர் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு எழுந்து, புத்தகம் முடிகிறவரை யாருக்கும் பட்டா மாற்றம் கிடையாது என்று எழுதி ஒட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார். ஊர் பழகிக்கொண்டது. காலையில் எழுந்ததும் முதலில் வாசலில் நின்று எது எது எங்கே இருக்கிறதென்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, அதற்கப்புறம் பல் விளக்கினார்கள்.

பாக்கியத்தாய் ஒரு நாள் வந்து இந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். "இது என் வாழ்க்கைக் கதை. ஒங்க வரப்புத் தகராறு இல்ல. போங்க எல்லாரும்" என்றாள். ஊசி போட்ட கைக்கு ஊர் எப்போதும் பயப்படும், எல்லோரும் போய்விட்டார்கள், சுப்பையா மட்டும் வடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

இதற்கு நடுவில்தான் புஷ்பம் அந்தத் தப்பைச் செய்தாள். புத்தகத்தின் ஆரம்பத்தில் ஊரை மொத்தமாகக் காட்டுகிற படம் ஒன்று வேண்டியிருந்தது, நர்சம்மா ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாக வரைந்திருந்ததைச் சேர்த்து அடுக்க வேண்டியது புஷ்பத்தின் வேலை. பிளெக்ஸ் அடித்துப் பழகிய கை. பிளெக்ஸ் என்றால் அதற்கொரு முறை உண்டு: பெரிய தலை மேலே நடுவில், அதற்கடுத்த தலைகள் இரண்டு பக்கமும், ஓட்டுப் போடுகிற தலைகளெல்லாம் அடியில் ஸ்டாம்பு சைஸில் வரிசையாக. அந்தக் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. கோயில் கொடை கமிட்டித் தலைவர் தர்மலிங்கம் அண்ணாச்சியின் மாடிவீடு மேலே நடுவில் கம்பீரமாக உட்கார்ந்தது, வடக்குத் தெரு வீடுகள் அதைச் சுற்றி நின்றன, காலனி வீடுகள் அடியில் ஸ்டாம்பு ஸ்டாம்பாகப் போய் ஒட்டிக்கொண்டன. நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படுத்தாள்.

காலையில் பாக்கியத்தாய் நெற்றியில் புடைப்போடு வந்தாள். காலனி முழுக்க வீடுகள் முழங்கால் உயரத்துக்குச் சுருங்கியிருந்தன, ஆட்கள் தவழ்ந்து உள்ளே போய்த் தவழ்ந்து வெளியே வந்தார்கள், அடுப்பில் பானை வைத்தால் கூரை இடித்தது.

"சொல்லு, நாங்க என்ன எறும்பா?" என்று பாக்கியத்தாய் கேட்டாள்.

"வேணும்னு செய்யல நர்சம்மா. பழக்கம்."

"அதான் நானும் சொல்றேன். வேணும்னு எவனும் செய்யறதில்ல. எல்லாம் பழக்கம்."

புஷ்பத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் எதிரிலேயே உட்கார்ந்து எல்லா வீட்டையும் ஒரே அளவாக்கினாள். சாயங்காலம் தர்மலிங்கம் அண்ணாச்சி வந்து தன் வீட்டில் மாடியைக் காணோம் என்றார். மாடி இருக்கு அண்ணாச்சி, மத்த வீடும் அதே அளவுக்கு ஆயிருச்சு, அதான் தெரியல என்று புஷ்பம் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் தனக்கு இவ்வளவு வாய் எப்போது வந்ததென்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு சுவர் வந்தது.

வடக்குத் தெருவுக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு கருங்கல் சுவர் இருந்தது. கோயில் நிலத்துக்குக் காவல் என்று பெயர், அந்த நிலத்தில் காவல் காக்க வேண்டியதாக ஒரு வெண்டைச்செடி கூட முளைத்ததில்லை. பஸ் போகிற ரோடு அப்போதெல்லாம் வடக்கே இருந்தது, காலனிக்காரர்கள் ரோட்டுக்கு வர கண்மாய்க் கரையெல்லாம் சுற்றி வர வேண்டும். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் காலனியில் பூரணம் என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்துக் குழந்தை குறுக்கே திரும்பிக்கொண்டது, பாக்கியத்தாய் அவளை மாட்டுவண்டியில் ஏற்றிச் சுவரருகே கொண்டுவந்து வழி கேட்டாள், சுவர் வழி விடாது என்று சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் சொன்னார்கள், வண்டி சுற்றிப் போனது, பாதிக் கரையில் பூரணமும் போனாள் பிள்ளையும் போயிற்று. அந்தச் சுவரைத்தான் பாக்கியத்தாய் கல் கல்லாக வரைந்திருந்தாள், ஒரு கல்லையும் அவசரமாக வரைந்திருக்கவில்லை, அடியில் வண்டியும் வண்டியில் ஒரு காலும் மட்டும் தெரிந்தது. முழுப் பக்கத்துக்கும் ஓரம் மிச்சமில்லாமல் வர வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

நீளமான படம், ஆகவே புஷ்பம் அதைப் பக்கத்தில் குறுக்குவாட்டில் படுக்கவைத்தாள், சுவரின் அடி புத்தகத்தின் தையலைத் தொடுகிற மாதிரி. புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். ஓரம் மிச்சமில்லை.

மறுநாள் ஊரிலும் ஓரம் மிச்சமில்லை. சுவர் இரண்டு பக்கமும் நீண்டு, வளைந்து, வடக்குத் தெருவுக்குள்ளும் புகுந்து ஊர் எல்லை வரைக்கும் ஓடியது. அடுப்படி ஒரு பக்கமும் சாமி அறை ஒரு பக்கமுமாக வீடுகள் பிரிந்தன, மாடு இந்தப் பக்கம் வைக்கோல் அந்தப் பக்கம், புருஷன் இந்தப் பக்கம் காப்பி அந்தப் பக்கம். வடக்குத் தெருக்காரர்கள் தங்கள் சொந்த அடுப்படிக்குப் போகக் கண்மாய்க் கரையைச் சுற்றினார்கள். காலனிக்காரர்கள் அவர்களைக் கரையில் பார்த்து, மேட்டுல பாத்துப் போங்க, சறுக்கும், என்று பழகிய பாதைக்காரர்களுக்கு உரிய அக்கறையோடு சொன்னார்கள். இதில் கிண்டல் இருந்ததா என்று கேட்டால், இருந்தது.

மத்தியானம் தர்மலிங்கம் அண்ணாச்சி கரையைச் சுற்றி வந்த செம்மண் காலோடு கடைக்கு வந்தார். அவர் கெட்டவர் இல்லை, அவரைக் கேட்டால் அவரே சொல்வார்.

"ஏம்மா புஷ்பம், சுருக்கமாச் சொல்றேன். அந்தப் படத்த எடுத்துரு. படம் போனா சுவரும் போயிரும். அவுகளுக்கும் சந்தோசம், நமக்கும் சந்தோசம். ஒரு பட்டனத் தட்டுற வேலை. பழசக் கிளறி என்ன ஆகப்போகுது?"

புஷ்பத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எத்தனையோ பேர் மனுக் கொடுத்தும் போகாத சுவர் ஒரு தட்டில் போகும் என்றால் அதைவிட என்ன வேண்டும். சந்தோஷமாகவே காலனிக்கு நடந்து போய் பாக்கியத்தாயிடம் விஷயத்தைச் சொன்னாள். பாக்கியத்தாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், கை நின்றது.

"சுவர எடுத்துட்டா, பூரணம் எப்பிடிச் செத்தா?"

கேட்டுவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவ மூச்சு நின்னப்ப என் கை அவ வயித்து மேல இருந்துச்சு. நாளைக்கு ஒருத்தன் வந்து, இங்க சுவரே இருந்ததில்லையே, நீங்களாக் கதை கட்டுறீகன்னு சொல்லுவான். அப்ப நான் எதக் காட்டுவேன்? கைய நீட்டிக் காட்டவா? சுவர் போகணும், அதுல எனக்கு உங்க எல்லாரையும் விட அவசரம். ஆனா இருந்துச்சுங்கறது போகக் கூடாது. ரெண்டும் வேணும். அதுக்கு ஒரு வழி பண்ணு, இல்லைன்னா என் படத்தக் குடு, நான் வேற எடம் பாக்கேன்."

போகவும் வேண்டும், இருக்கவும் வேண்டும். புஷ்பம் கடையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடப் பிடிக்கவில்லை. சின்னதாக்கிப் பார்க்கலாம் என்று கை போகும், அது பிளெக்ஸ் புத்தி என்று கையை இழுத்துக்கொள்வாள். கோபமாக வந்தது, யார் மேல் என்று முதலில் தெரியவில்லை, யோசிக்க யோசிக்கத் தெரிந்தது.

மறுநாள் தர்மலிங்கம் அண்ணாச்சி பதில் கேட்க வந்தார், கொடைக்கு வசூல் ரசீது புத்தகம் அடிக்கக் கொடுத்திருந்ததையும் அப்படியே வாங்கிக்கொண்டு போகலாமென்று கமிட்டி ஆட்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"படத்த எடுக்கலேன்னா இந்த வருசக் கொடை நோட்டீஸ் ஒனக்கு இல்ல. வடக்குத் தெருவுல ஒரு கல்யாணப் பத்திரிகை ஒனக்கு வராது. இந்தக் கடை இருக்கது கோயில் எடம், அதையும் ஞாபகத்துல வச்சுக்க" என்று சொல்லிக்கொண்டே ரசீது புத்தகம் ஒன்றைப் பிரித்து, ஒழுங்காகக் கிழிகிறதா என்று சோதித்துப் பார்த்தார். ஊசித் துளைகள் வரிசையாகப் போட்டிருந்த கோட்டில் தாள் சர்ரென்று வந்தது. ரசீது அவர் கையில் இருந்தது, அடிக்கட்டை தையலில் இருந்தது.

புஷ்பம் அந்த அடிக்கட்டையைப் பார்த்தாள். அதன் கிழிந்த ஓரத்தை விரலால் ஒரு தடவை தடவினாள்.

"படம் இருக்கும் அண்ணாச்சி. கடையக் காலி பண்ணணும்னா சொல்லுங்க, பண்ணிருதேன்" என்றாள்.

அன்றைக்கே அவள் அந்தப் பக்கத்தைக் கெட்டித் தாளாக மாற்றினாள், சுவரின் அடியை ஒட்டித் தையலுக்கு ஒரு விரல் தள்ளி நெடுக ஊசித் துளை வரிசை போட்டாள், சுவருக்கு மேலே இருந்த வானத்தை நீளமாக இழுத்துப் பின்பக்கங்கள் எல்லாவற்றையும் சுற்றிப் பின்னட்டையோடு ஒட்டும்படி செய்தாள். அந்தச் சுவரைக் கிழித்து எடுக்காமல் அதற்குப் பின்னால் இருக்கிற ஒரு பக்கத்தையும் யாராலும் பார்க்க முடியாது. அச்சகத்தில் கேட்டவர்கள் படிக்கிறவனே கிழிக்கிற புத்தகத்தை இப்போதுதான் பார்க்கிறோம் என்றார்கள். ஊரில் சுவரின் அடியில் எறும்பு நுழைகிற அளவுக்கு வரிசையாகத் துளைகள் விழுந்தன, சாயங்கால வெயில் அதன் வழியே காலனி மண்ணில் புள்ளி புள்ளியாகக் கிடந்தது, கோழிகள் அதைத் தானியம் என்று கொத்தின.

புத்தகம் வந்தது. காலனிப் பள்ளிக்கூட மைதானத்தில் பெஞ்சு போட்டு பாக்கியத்தாய் பேசினாள். "இந்தச் சுவர மிஷினு இடிக்காது, கவர்மெண்டு இடிக்காது, நானும் இடிக்க மாட்டேன், நான் முட்டுனது போதும். அவங்கவங்க பிரதிய அவங்கவங்க கையால கிழிங்க" என்றாள். வடக்குத் தெருக்காரி புஷ்பம்தான் முதலில் கிழித்தாள், எல்லோரும் பார்க்கக் கிழித்தாள், சர்ரென்ற சத்தம் கேட்டது, அங்கே சுவரில் ஒரு கல் பொத்தென்று விழுந்தது. காலனிக்காரர்கள் வரிசையாகக் கிழித்தார்கள், பூரணத்தின் புருஷன் தாடியெல்லாம் நனைய அழுதுகொண்டே கிழித்தான், கற்கள் விழுந்தன, ஆனாலும் சுவர் நின்றது. மீதிக் கற்கள் வடக்குத் தெருப் பிரதிகளில் இருந்தன. வீட்டுக்கு ஒன்று என்று நர்சம்மா கொடுத்தனுப்பியிருந்தாள்.

அவர்கள் கிழிக்கவில்லை. சொந்த அடுப்படிக்குக் கரையைச் சுற்றினாலும் சுற்றுவோம், அவள் சொல்லி நாம் கிழிப்பதா என்று வீம்பாக இருந்தார்கள். ஆனால் அந்தப் பக்கத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று எப்படியோ தெரிந்துபோயிற்று: நர்சம்மா பார்த்த பிரசவங்கள், ஒவ்வொருவரும் பிறந்த நேரம், யார் கொடி சுற்றிப் பிறந்தது, யார் பிறந்ததும் அழாமல் தும்மியது, எந்த அப்பன் வாசலில் மயங்கி விழுந்தது, எல்லாம் படத்தோடு. வசதிக்காக இறங்கி வராதவர்கள் வம்புக்காக இறங்கி வந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு கிழித்தார்கள். கிழிக்கிற சத்தத்தை மறைக்கலாம், கருங்கல் விழுகிற சத்தத்தை எந்த ரேடியோ மறைக்கும். பொத் என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பாள், கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டிலிருந்தும் ஒன்று பொத்தென்று விழும். கடைசிக் கல் தர்மலிங்கம் அண்ணாச்சி வீட்டுப் பிரதியில் இருந்தது, அவர் மத்தியானம் தூங்கும்போது அவர் மனைவி காந்திமதி தன் மூத்தவன் பிறந்த கதையைப் படிக்க வேண்டுமென்று கிழித்துவிட்டாள். அவர் எழுந்தபோது அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள், வீட்டுக்கு நடுவில் சுவர் இல்லை.

ஆனால் அடிக்கட்டை இருந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் தையலிலும் ஒரு விரல் அகலத்துக்குச் சுவரின் அடியும் வண்டிச் சக்கரமும் அந்தக் காலும் இருந்தன. ஊரில் சுவர் நின்ற இடத்தில் தரையோடு தரையாக ஒரு கருங்கல் வரி இருந்தது. பெயர்த்துப் பார்த்தார்கள், வரவில்லை. மேலே தார் போட்டார்கள், தாருக்கு மேலே வந்துவிட்டது. நடந்து போகிறவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது, வண்டியில் போகிறவர்களை மட்டும் ஒரு தூக்குத் தூக்கிப் போடும். தர்மலிங்கம் அண்ணாச்சி கடைக்கு வந்து, அடுத்த பதிப்பில் அந்த அடிக்கட்டையை மட்டும் இல்லாமல் செய்துவிடம்மா, சுத்தமா இருக்கும், என்று இறங்கிய குரலில் கேட்டார். புஷ்பம் அப்போது காலனியில் கடை போட்டிருந்தாள், வரும்படி பாதிதான், பரவாயில்லை.

"முடியாது அண்ணாச்சி" என்றாள்.

நாற்கரச் சாலை தெற்கே வந்துவிட்டதால் வடக்குத் தெருவிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகக் காலனி வழியாகப் போவதுதான் இப்போது குறுக்குவழி. ஐப்பசியில் ஒரு காலை அண்ணாச்சியின் மருமகள் நித்யகல்யாணிக்கு வலி எடுத்தது. அவள் மதுரைப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, ஊர்க் கதை எதுவும் தெரியாது, புத்தகத்தையும் அவள் கண்ணில் படாமல் அண்ணாச்சி எங்கேயோ வைத்திருந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. காந்திமதிக்குக் கை கால் ஓடாததால் புஷ்பம் கூட ஏறிக்கொண்டாள், எதிரே அண்ணாச்சி உட்கார்ந்தார். வண்டி காலனிக்குள் திரும்பி நேராக ஓடியது, நடுவில் தடக்கென்று ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. நித்யகல்யாணி வலியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மாமா அது?"

வேகத்தடை என்று சொல்லலாம், பள்ளம் என்று சொல்லலாம், அவர் வாய் இரண்டு தடவை திறந்து மூடியதைப் புஷ்பம் பார்த்தாள். அவள் உதவிக்கு வரவில்லை. நித்யகல்யாணியின் வயிற்றின் மேல் இருந்த தன் கையை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுவர்" என்றார் தர்மலிங்கம் அண்ணாச்சி. "நாங்க கட்டுன சுவர்."